இருபத்தாறு எல்போ

6.11.2025, வியாழன்

காலையிலிருந்து தூறல். கடைக்கு வந்தது பதினோரு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். சும்மா நிற்கக் கூச்சப்பட்டுக்கொண்டு எதையாவது காட்டி விலை கேட்பார்கள். நானும் முகம் சுளிக்காமல் சொல்வேன்.

அரை இஞ்ச் எல்போ மூன்றுதான் மிச்சம். ஆகஸ்டில் முப்பது வாங்கினேன், மூன்று மாதத்தில் பெட்டி காலியாகப் போகிறது. எண்ணெய்க் குழாய் திரும்புகிற மூலையில் மாட்டுகிற சாமான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் ட்ரெய்லரில் நாலு டன் சோளத்தை ஜாக்கி தூக்கும்போது அந்த அழுத்தமெல்லாம் முட்டுவது அந்த மூலையில்தான். அதனால் இரும்பை உருக்கி ஊற்றிய வார்ப்பு ஆகாது. பழுக்கக் காய்ச்சி அடித்துச் செய்த ஃபோர்ஜிங்தான் வேண்டும்.

வீட்டுக்காரர் எண்ணெய் ஹோஸுக்கு முனை மாட்டி மெஷினில் பிரஸ் பண்ணுகிறார், நான் கல்லா, கொள்முதல். எந்தச் சாமானை எங்கே வாங்குவது என்பது பன்னிரண்டு வருஷமாக என் முடிவு. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு என்று இவர் சொல்வார். உண்டுதான்.

பிரஸ்ஸிங் மெஷின் அடியில் மறுபடி எண்ணெய்த் துளி. பழைய துணி ஒன்றை மடித்துப் போட்டேன். பக்கத்து லேத் பட்டறைச் செழியன் அண்ணன் ஆயுத பூஜைக்குத் தன் லேத்துக்கு அடித்தது போக மிச்சப் பச்சைப் பெயிண்டை வழக்கம்போல எங்கள் மெஷினுக்கும் அடித்துவிட்டுப் போனார். ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் அழுக்கு.

8.11.2025, சனி

நைனார்பாளையத்திலிருந்து சடையன் அண்ணன் போன். அவர் ட்ரெய்லரில் சோளம் கொட்டும்போது எல்போ தெறித்துவிட்டது. மேலே தூக்கி நின்ற தொட்டி அப்படியே கீழே விழுந்திருக்கிறது. டிரைவர் அஜித்குமார் பின்கதவுக் கொக்கியை எடுத்துக்கொண்டிருந்தான்.

வலது கையில் இரண்டு விரல்.

இருபத்து நாலு வயசு.

9.11.2025, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனதை நினைத்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அவன் அம்மா அதை உரித்து ஊட்டிக்கொண்டே திட்டினாள், "எவ்ளோ சொன்னேன், ஜாஸ்தி ஏத்தாதடா ஏத்தாதடான்னு!"

அவன் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான். "உங்க சாமானு நல்ல சாமானுக்கா. நான்தான் மூட்ட ஜாஸ்தி ஏத்திட்டேன்" என்றான்.

சடையன் அண்ணன் வராந்தாவில் வைத்து உடைந்த எல்போவைக் கொடுத்தார். மேலே ட்ரெய்லரின் நீலப் பெயிண்ட். உடைந்த வாயைப் பார்த்தேன். உடைத்த வெல்லம் மாதிரிப் பொருக்குப் பொருக்காக இருந்தது. அடித்துச் செய்த இரும்பு இப்படி உடையாது. வளையும், கிழியும், வெல்லம் மாதிரி உடையவே உடையாது.

எல்போவைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

10.11.2025, திங்கள்

கடையில் மிச்சமிருந்த மூன்றையும் செழியன் அண்ணனிடம் கொண்டுபோய் கிரைண்டரில் வைக்கச் சொன்னேன். பழைய சரக்கு ஒன்றும் கொடுத்தேன். பழையது மத்தாப்பு மாதிரி நீளமாக, வெள்ளையாகப் பொறி விட்டது. ஆகஸ்ட் சரக்கு மூன்றும் மங்கலாக, சிவப்பாக, ஒரு சாண் கூடத் தாண்டவில்லை.

"வார்ப்பும்மா இது" என்றார். "பளபளன்னு முலாம் பூசிக் குடுத்துட்டான்."

முத்திரையைப் பார்த்தேன். ஃபோர்ஜிங்கில் எழுத்தை அடித்திருப்பார்கள், பள்ளமாக இருக்கும். இதில் எழுத்து மேலே எழும்பியிருக்கிறது. அச்சில் ஊற்றினால்தான் அப்படி வரும். குழந்தை கூடத் தடவிச் சொல்லிவிடும். நான் ஏன் பாக்கல? விற்க வந்தவன் சாம்பிள் காட்டினான், அதைத் தடவிப் பார்த்தேன், அது ஃபோர்ஜிங்தான். பெட்டியைத் திறந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துப் பாத்திருந்தா போதும். பாக்கல. திமிரு.

விற்றவனுக்குப் போன் போட்டேன். "மிச்சம் இருக்கறத ரிட்டர்ன் அனுப்புங்க மேடம்" என்றான். வித்துப்போனது? "அத நான் என்ன பண்ண முடியும்?" மறுபடி போட்டால் எடுப்பதே இல்லை. அவனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முப்பதில் மூன்று கையில். ஒன்று உடைந்தது. பாக்கி இருபத்தாறு எங்கெங்கேயோ தூக்கிக்கொண்டும் இறக்கிக்கொண்டும் இருக்கிறது. அதன் அடியில் யார் யார் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார்களோ.

இவரிடம் சொன்னேன். கையிலிருந்த ஹோஸைக் கீழே வைத்தார். பிறகு, "நாம இன்னா செஞ்சமா அத? வாங்கனோம், வித்தோம். வெளிய தெரிஞ்சா கடைக்கு எவன் வருவான், ரஜியா?"

"எவனும் வர வேணாம்" என்றேன். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் இப்போது எழுதும்போதும் அதையேதான் நினைக்கிறேன்.

11.11.2025, செவ்வாய்

எங்கள் கள்ளக்குறிச்சியில் யாரும் சாமான் பெயர் சொல்லிக் கேட்பதில்லை. கழற்றிய சாமானை வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பி, "இதே மாரி ஒண்ணு எடுத்து வைக்கா" என்பார்கள். இதுவரை அதைத் தொல்லை என்றுதான் நினைத்திருந்தேன். இன்று ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு போட்டோவாகத் தள்ளிப் பார்த்தேன். சேற்றுக் கை, டிராக்டர் டயர், ஒருத்தர் சாப்பாட்டுத் தட்டோரம் வைத்து எடுத்திருக்கிறார். பதினேழு பேர் கிடைத்தார்கள். பாக்கி ஒன்பது, போட்டோ அனுப்பாமல் நேரில் வந்து வாங்கிப் போனவர்களிடம் இருக்க வேண்டும். அவர்களை இனி ஞாபகத்தில்தான் தேட வேண்டும்.

பதினேழு பேருக்கும் போன் போட்டுச் சொன்னேன். "தூக்காதீங்க. தூக்கியே ஆவணும்னா அடியில யாரும் நிக்காதீங்க. நான் வந்து மாத்தித் தரேன், காசு வேணாம்."

ஒருத்தர் கேட்டார், "இன்னாம்மா, கடைக்கு விளம்பரமா?"

13.11.2025, வியாழன்

சின்னசேலத்தில் ரயில் பிடித்து சேலம், அங்கிருந்து பஸ்ஸில் கோயம்புத்தூர். கைப்பையில் உடைந்த எல்போ. இந்தத் தடவை சாம்பிளை நான் தொடவே இல்லை. மூன்று கடை ஏறி இறங்கினேன். நாலாவது கடையில் நாலு பெட்டியை இறக்கச் சொல்லி, ஒவ்வொன்றிலும் அடியில் கையை விட்டு ஒன்று எடுத்தேன். முத்திரை பள்ளமாக இருந்தது, எத்தனை அழுத்தம் தாங்கும் என்றும் அடித்திருந்தது. வீட்டிலிருந்து கொண்டுபோன நிப்பிளை, இரு முனையும் மரை போட்ட குட்டிக் குழாயை, கையாலேயே திருகிப் பார்த்தேன். அரை இஞ்சில் இரண்டு வகை மரை உண்டு. ஒன்றில் இன்னொன்று நாலு சுற்று வரை ஏறும், அப்புறம் இறுகும். நம்ம ஆட்கள் ஸ்பானரில் ஒரு முழம் பைப்பைச் செருகி இழுத்து, டைட்டாயிடுச்சு என்பார்கள். ஆகியிருக்காது. இது கடைசி வரை வழுவழுவென்று ஏறியது.

பிறகு ஒன்றை வைஸ் இடுக்கியில் இறுக்கிச் சம்மட்டியால் அடிக்கச் சொன்னேன்.

"ஏனுங்க, சாமான் வாங்க வந்தீங்களா, ஒடைக்க வந்தீங்களா?" என்றார் கடைக்காரர்.

"ஒடையலன்னா வாங்கறேன்" என்றேன்.

எட்டு அடி. சப்பையானது, ஒரு பக்கம் லேசாகக் கிழிந்தது, உடையவில்லை. முப்பது எடுத்துக்கொண்டேன். சப்பையானதையும் கேட்டு வாங்கி வந்தேன்.

14.11.2025, வெள்ளி

ஜும்மா முடிந்து இவர் வந்தபோது நான் பையில் ஸ்பானர், கம்பித் தேய்ப்பான், புது எல்போ எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாட்ட எனக்கும் தெரியும். போகட்டும்.

15.11.2025, சனி

முதல் மூன்று மாற்றியாச்சு.

நினைக்காத சிக்கல் ஒன்று. ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பெயிண்ட் அடிக்கும்போது எல்போ, குழாய், நட்டு எல்லாவற்றின் மேலும் ஒரே பூச்சு. ஒரு ட்ரெய்லரில் ஆறு எல்போ இருந்தால் ஆறும் ஒரே நிறம். எது என் கடைச் சரக்கு, எது பழையது என்று தெரிய, ஒவ்வொன்றையும் சுரண்ட வேண்டும்.

சின்னசேலம் பச்சையம்மாள் பெரியம்மா ட்ரெய்லர்மேல் கை வைக்கவே விடவில்லை. "பூஜ போட்ட வண்டிய வந்து சொரண்டறேன்னு நிக்கறியே, இன்னா பொண்ணு நீ!"

உடைந்த எல்போவை எடுத்துக் கையில் கொடுத்தேன். அஜித் விஷயத்தையும் சொன்னேன். வெளியில் ஒருத்தரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னது இதுதான் முதல் தடவை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சொரண்டு. சொரண்டிட்டு பெயிண்ட்ட மறுபடி அடிச்சிட்டுப் போ. குங்குமம் நான் வெச்சிக்கறேன்."

திரும்பும்போதே டவுனில் சின்ன டப்பா பெயிண்ட் வாங்கினேன். நீலம், சிவப்பு, சில்வர். பச்சை செழியன் அண்ணனிடம் இரவல்.

17.11.2025, திங்கள்

மாற்றியது ஆறு. சாயங்காலம் கடைக்கு வந்தால், இவர் ஹோஸ் சோதிக்கிற கைப்பம்பில் புது எல்போவை ஒவ்வொன்றாக மாட்டி, வேலையில் வருகிற அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு ஏற்றிப் பார்த்து, சாக்பீஸால் டிக் போட்டுக்கொண்டிருக்கிறார்.

"நீ சொன்னேன்னு இல்ல. சும்மாதான் இருந்தேன்" என்றார்.

சரி என்றேன். சிரித்தால் நிறுத்திவிடுவார்.

26.11.2025, புதன்

பதினைந்து. இடுப்பு ஒடிகிறது.

ஒருத்தர் ஏசினார், ஒருத்தர் மோர் கொடுத்தார். ஒருத்தர் தானே கழற்றி மாற்றிவிட்டு, பழையதைத் தென்னைமரத்தடியில் எறிந்துவிட்டார். அரைமணி நேரம் தேடி எடுத்தேன். அவருக்குச் சிரிப்பு. எனக்கு எண்ணிக்கை கையில் சேர வேண்டும். இல்லாவிட்டால் பழைய இரும்புக் கடை வழியாக இன்னொரு வண்டியில் ஏறிக்கொள்ளும்.

ஊரில் விஷயம் பரவிவிட்டது. இவர் பயந்தபடியே இரண்டு பழைய கஸ்டமர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். இவர் என்னைக் குறை சொல்லாமல் காலையில் ஸ்பானர் பையை எடுத்துத் தருகிறார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அஜித் வீட்டுக்கு வந்துவிட்டானாம். போய்ச் சொல்ல வேண்டும். இருபத்தாறையும் முடித்துவிட்டுச் சொல்லலாம்.

4.12.2025, வியாழன்

இருபத்து நாலு. போட்டோ இல்லாத ஒன்பதில் ஏழைப் பிடித்துவிட்டேன். ஒன்று தமிழரசனுடைய பொக்லைனில் இருக்கிறது. மழையில் மலைப்பாதை சரிந்து, வெள்ளிமலைப் பக்கம் மண் அள்ளிக்கொண்டிருக்கிறானாம். போன் போகவில்லை. பஸ் கண்டக்டரிடம் மூன்று தடவை சொல்லியனுப்பினேன். பதில் இல்லை. இன்னொன்று யாரிடம் என்றே தெரியவில்லை.

9.12.2025, செவ்வாய்

மலைக்குப் போய் வந்தேன்.

காலை பஸ். வெள்ளிமலைக்கு இரண்டு வளைவு முன்னால் மண் சரிந்து கிடந்தது. பஸ் நின்றுவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். பொக்லைன் வாளி மேலே போய்க் கீழே வருகிறது. அதற்கடியில் நாலு பேர் மண்வெட்டியோடு. நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன்.

தமிழரசன் இன்ஜினை அணைக்காமலே கத்தினான், "இப்ப நிறுத்த முடியாதுக்கா! ரெண்டு பக்கமும் வண்டி நிக்குது, பிரசவ கேஸு ஒண்ணு மேல காத்துக்கினு இருக்கு!"

"அர மணி நேரம்."

"ஒரு நிமிஷம் முடியாது!"

வாளி தரையில் உட்கார்ந்த நேரம் பார்த்து நான் போய் அதற்குள் உட்கார்ந்துவிட்டேன். முழங்கால் வரை சேறு. நாலு பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். நாற்பத்தொரு வயசுப் பொம்பளை, பர்தாவோடு பொக்லைன் வாளிக்குள்.

நல்ல வார்த்தை நாலு சொன்னான். எல்லாம் காதில் விழுந்தது, எதையும் எழுதப் போவதில்லை. ஆனால் இன்ஜினை அணைத்தான். மஞ்சள் பெயிண்டைச் சுரண்டினேன். எழும்பிய எழுத்து. வளைவின் உள்பக்கம் வேர்த்த மாதிரி எண்ணெய் கசிந்திருந்தது. துடைத்தால் மறுபடி வேர்த்தது. இது எத்தனை நாளாகக் கசிகிறது என்று கேட்டேன்.

"பத்து நாளா. துணி கட்டி வெச்சிருந்தேன்."

இருபத்தைந்து நிமிஷத்தில் மாற்றிவிட்டோம். பழையதைக் கீழே வைக்கும்போது அவனே மண்வெட்டிக்காரர்களைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். பாதை திறந்ததும் முதலில் அந்தப் பிரசவ வண்டியை விட்டான். ஜன்னலோரம் ஒரு கை மட்டும் தெரிந்தது, கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு.

வரும் வழியெல்லாம் எனக்கு அஜித் நினைப்புதான். முன்பின் தெரியாத நாலு பேருக்காக வாளியில் உட்காரத் தெரிகிறது. அவனிடம் போய் ஒரு வாக்கியம் சொல்ல ஒரு மாசமா வக்கில்ல எனக்கு. முடிச்சுட்டுச் சொல்றேன், முடிச்சுட்டுச் சொல்றேன்னு யாரை ஏமாத்தறேன்?

10.12.2025, புதன்

நைனார்பாளையம். அவன் வாசலில் கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் சட்டைப் பித்தான் போடப் பழகிக்கொண்டிருந்தான். சொன்னேன். வார்ப்பு, முத்திரை, பெட்டியைத் திறக்காதது, எல்லாம். லோடு காரணமில்லை, நான்தான் காரணம் என்றேன்.

பித்தானை விட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மறுநாளே."

"ஒரு மாசமா எங்கம்மா கையால சோத்தோட திட்டும் சேத்துத் தின்னுக்கினு கெடக்கறேன். ராவெல்லாம் அந்த மூட்டய எண்ணிக்கினு கெடக்கறேன்கா. எத்தினி ஏத்தனேன், எத்தினி ஏத்தனேன்னு."

நான் அழுதேன். அவன் அழவில்லை.

"இன்னும் எத்தினி பாக்கி?"

"ஒண்ணு."

"மொதல்ல அத்தப் புடிங்க. அப்பால பேசலாம்."

நேராகச் சடையன் அண்ணனிடம் போய், தப்பு அவன் மேல் இல்லை என்று அவர் வீட்டு ஆட்கள் முன்னாலேயே சொன்னேன். அஜித் அம்மாவிடமும் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளே போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

27.12.2025, சனி

ஒன்று. ஒன்றே ஒன்று பாக்கி.

ஆகஸ்டிலிருந்து கடைக்கு வந்த முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். தியாகதுருகம், கச்சிராயபாளையம், சங்கராபுரம், எல்லா மெக்கானிக்கிடமும் உடைந்ததைக் காட்டிவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் ஒட்டினேன்.

"பழைய இரும்புல போயிருக்கும், உடேன்" என்கிறார் இவர்.

போயிருக்காது. எங்கேயோ யாரோ ஒருத்தர் அதன் பக்கத்தில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் முகம் தெரியாததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. விட மாட்டேன்.

16.1.2026, வெள்ளி

மாட்டுப் பொங்கல். டிராக்டரெல்லாம் மாலையும் பலூனுமாகப் போகிறது. நான் ஒவ்வொன்றின் மூலையையும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சாமியைப் பார்க்கிறேன் என்று நினைத்து ஒருத்தர் விபூதி நீட்டினார்.

19.1.2026, திங்கள்

எண்ணெய்க் கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

மத்தியானம். இவர் ஒரு கஸ்டமருக்கு ஹோஸ் பிரஸ் பண்ணிக்கொண்டிருந்தார். மெஷின் அடியில் துணி ஊறிவிட்டது, மாற்றலாம் என்று குனிந்தேன். ஊறின துணியைக் கையில் எடுத்தபோது தமிழரசன் சொன்னது ஞாபகம் வந்தது, துணி கட்டி வெச்சிருந்தேன் என்று.

மேலே பார்த்தேன். மெஷினின் பின்மூலையில் பச்சைப் பெயிண்ட் அடித்த ஒரு எல்போ. உள்வளைவு வேர்த்திருந்தது. கட்டைவிரலால் தடவினேன். பெயிண்டுக்கு அடியில் எழுத்து மேடாகத் தட்டியது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் ஷாக் அடித்துவிட்டது என்று நினைத்துச் செழியன் அண்ணன் ஓடி வந்தார்.

இவர் கை அதிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. முகமும்தான். தினமும், ஒரு நாளைக்கு முப்பது தடவை.

"இது எப்ப மாத்தனீங்க?"

யோசித்தார். முகம் வெளுத்துப் போனது. "நீ ஆகஸ்டுல உங்கக்கா பொண்ணு கல்யாணத்துக்கு விழுப்புரம் போயிருந்தியே... அன்னிக்கு லீக்கு. பெட்டியிலருந்து ஒண்ணு எடுத்து நானேதான் மாட்டனேன். நம்ம கடச் சாமானு, நம்ம மெஷினு. சொல்லணும்னு தோணல."

யாருக்குத்தான் தோணும்? கடைச் சாமானை நமக்கென்று எடுத்தால் அது யார் கணக்கிலும் வருவதில்லை. கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலை வரை ஊரார் வீட்டு வண்டியையெல்லாம் சுரண்டினேன். என் கல்லாவிலிருந்து ஐந்து அடியில் இருந்ததைச் சுரண்டவில்லை. துணி வேற மடிச்சுப் போட்டேன் அதுக்கு.

கழற்றி, செழியன் அண்ணன் வைஸில் வைத்துச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. இரண்டாகப் பிரிந்தது. உடைந்த வாயில் பாதிக்கு மேல் கறுப்பு, பழைய விரிசலில் எண்ணெய் ஊறிய கறுப்பு. மிச்சம்தான் புதிதாக உடைந்த சாம்பல் நிறம். இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்தது அந்த மிச்சம் மட்டும்தான்.

செழியன் அண்ணன், "நான்தாம்மா மேல பெயிண்ட்ட அடிச்சி மூடிட்டேன்" என்று ஆரம்பித்தார். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அல்லாஹ்வே.

20.1.2026, செவ்வாய்

காலையில் அஜித்துக்குப் போன் போட்டேன். பிடித்துவிட்டேன் என்றேன்.

"யார்கிட்ட இருந்துது?"

சொன்னேன். சிரிப்பான், இல்லாவிட்டால் நன்றாக நாலு கேட்பான், இரண்டில் எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

"அண்ணன் கை நல்லாருக்குதாக்கா?" என்று கேட்டான்.

நல்லா இருக்குது என்றேன். வியாழக்கிழமை கடைக்கு வருகிறேன், பேசுவோம் என்று சொல்லி அவனே வைத்துவிட்டான்.

இவர் புது எல்போ மாட்டி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்து கிளாஸைப் பிடித்திருந்த விரல்களை எண்ணினேன். "இன்னா பாக்கற?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.